தூண்டில்காரன் சொல்லும் சில அனுபவங்கள்

(நம் பங்கின் பவள விழாவை முன்னிட்டு நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில், நம் ஊர் மூத்த தூண்டில்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

மேடையில் பேசுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். நான் தொழில் படித்த இடத்தில் வாயைத் திறந்தால் அப்பாவிடம் அடி விழும். "பாருக்கு மேல வந்தாச்சு, சத்தம் காட்டாத" என்பார். மரத்தில் துடுப்புத் தட்டினாலே அடியில் கிடக்கும் மீன் ஒதுங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அப்படி வளர்ந்தவனிடம் போன ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வந்து, "பாட்டா, மீன்பிடிப்பையும் பாதுகாப்பையும் பத்திப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லணும்" என்று கேட்டார். நான் மாட்டேன் என்றேன். உள்ளே இருந்து என் வீட்டுக்காரி, "பேசுவாரு" என்று பதில் சொல்லிவிட்டாள். உபதேசியார் போனபிறகு எனக்கு ஒரு நிபந்தனையும் போட்டாள். அது என்னவென்று பிறகு சொல்கிறேன். அவள் அதோ, தாய்மார்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லாமல் தப்ப முடியாது.

இந்தப் பங்கைவிட நான் ஒரு வயது இளையவன். 1962-ல் எனக்குப் பதினொரு வயதாயிருக்கும்போது அப்பா என்னைக் கட்டுமரத்தில் ஏற்றினார். அப்போது இந்தத் தங்கூசி நூல் நம் ஊரில் பரவலாக வரவில்லை. பருத்தி நூலைத் திரித்து, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துத்தான் தூண்டில் கயிறு செய்வார்கள். கறுப்பாய், விறைப்பாய் இருக்கும். காய்ந்தபிறகும் கையெல்லாம் அந்தச் சாற்றின் நாற்றம் அடிக்கும். சோறு சாப்பிடும்போதும் அடிக்கும். அந்தக் கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக் கொப்புளமாக்கும். தங்கூசி வந்தபிறகு கொப்புளம் போயிற்று, வெட்டு வந்தது. பெரிய மீன் இழுக்கும்போது அந்த மெல்லிய நூல் கத்தி மாதிரி சதைக்குள் இறங்கும்.

அப்பா எனக்குச் சொன்ன முதல் புத்தி, கயிற்றைக் கையில் சுற்றாதே என்பது. விரலில் சுற்றாதே, மணிக்கட்டில் சுற்றாதே, காலில் கட்டாதே. சொல்வதோடு நிற்கவில்லை. என் சித்தப்பா ஒருவரின் வலது கால் பெருவிரலைக் காட்டினார். மத்தியான வெயிலில் தூக்கம் வருகிறதென்று சித்தப்பா கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு மரத்தில் சாய்ந்திருக்கிறார். பாரை மீன் ஒன்று எடுத்துக்கொண்டு ஓடியது. விரலில் பாதி அன்றைக்குப் போனதுதான். அவர் அதை ஒரு வேடிக்கையாகவே சொல்லுவார். "பாரைக்கு எறையா என் வெரலக் குடுத்தேன்" என்று சிரிப்பார். ஆனால் சாகும்வரை அவர் செருப்புப் போட்டால் அது கழன்று கழன்று போகும்.

இன்றைக்கும் பிள்ளைகள் பாறையில் நின்றுகொண்டு ஒரு கையில் செல்போனும் மறு கையில் சுற்றிய தங்கூசியுமாக நிற்பதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் செருப்பு ஞாபகம் வருகிறது.

அடுத்து நம் கோவில் கோபுரத்தைப் பற்றி ஒரு விஷயம். இதைச் சுவாமியும் விழாக் கமிட்டியாரும் கொஞ்சம் கவனித்துக் கேட்கவேண்டும்.

கடலில் ரோடு கிடையாது. ஆனால் பார் இருக்கிற இடம் ஒன்றுதான். அங்கேதான் கலவாயும் விளமீனும் கிடக்கும். முப்பது பாகத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் முன்னோர்கள் கணிச்சம் பார்த்தார்கள். கரையில் இருக்கும் இரண்டு பொருளை ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். அது ஒரு கோடு. பிறகு வேறு திசையில் இன்னும் இரண்டு பொருளை அதேபோல் சேர்க்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைப் போட்டால் அடியில் பார் இருக்கும். அப்பா எனக்குக் காட்டித்தந்த பாருக்கு வடக்குக் கணிச்சம் நம் கோவில் கோபுரம். அது பின்னால் தெரிகிற மலையின் பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். கிழக்குக் கணிச்சம் மருந்துவாழ் மலையின் முனை. அது தோப்பின் கடைசித் தென்னையைத் தொட வேண்டும். அந்தத் தென்னை விழுந்து பல வருஷமாகிறது. இப்போது அந்த இடத்தில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது. நான் அதைக் கணிச்சமாக மாற்றிக்கொண்டேன். மலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது. நல்ல சாதனந்தான், குறை சொல்லமாட்டேன். பனிமூட்டத்தில் கோபுரம் தெரியாது, ஜி.பி.எஸ். தெரியும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு என் பேரனும் அவன் கூட்டாளிகளும் ஃபைபர் வள்ளத்தில் போனபோது அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அலை அடித்ததில் செல்போனும் நனைந்துபோயிற்று. நாலு பேருக்கும் கணிச்சம் தெரியாது. நீவாடு மேற்கே இழுத்துக்கொண்டு போகிறது. எந்த ஊருக்கு நேராக நிற்கிறோம் என்றுகூடத் தெரியாமல் மூன்று மணி நேரம் எண்ணெயை எரித்திருக்கிறார்கள். சாயங்காலம் வெயில் சாய்ந்தபோது தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியதாம். "பாட்டா, நம்ம கோபுரம்!" என்று அவன் என்னிடம் வந்து சொன்னபோது அவன் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த வாரமே அவனை மரத்தில் ஏற்றி ஏழு கணிச்சம் காட்டினேன்.

இப்போது கேள்விப்படுகிறேன், பவள விழாவுக்காகக் கோபுரத்துக்கு இளம்பச்சையும் ரோஸும் வர்ணம் அடிக்கப்போகிறார்களாம். அழகாகத்தான் இருக்கும். பக்கத்து ஊரில் அடித்திருக்கிறார்கள், பார்த்தேன். ஆனால் கமிட்டியில் கடலுக்குப் போகிறவர்கள் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு மனத்தாங்கல். கடலில் இருந்து பார்த்தால் இளம்பச்சை தென்னையோடு கலந்துவிடும். ரோஸ் நிறம் அந்தி வானத்தோடு போய்விடும். வெள்ளைதான் வெயிலை வாங்கித் திருப்பி அனுப்பும். இந்தக் கோபுரம் நம் அப்பன்மார் கொடுத்த மீன் குத்தகைப் பணத்தில் எழும்பியது. அவர்கள் வெள்ளை அடித்தது வேறு வர்ணம் வாங்கக் காசில்லாமல் என்று நினைக்க வேண்டாம். உள்ளே எந்த வர்ணம் வேண்டுமானாலும் அடியுங்கள். கடலைப் பார்த்த முகம் வெள்ளையாக இருக்கட்டும். என் வேண்டுகோள் இது.

(கைதட்டல்)

கைதட்டினது போதும், கமிட்டியில் கையெழுத்துப் போடுங்கள்.

நான் இப்போது மரத்தில் போவது குறைந்துவிட்டது. முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. அரசாங்கம் போட்டுக்கொடுத்த தூண்டில் வளைவில் உட்கார்ந்துதான் தூண்டில் போடுகிறேன். அந்தக் கல் வளைவுக்குத் தூண்டில் வளைவு என்று யார் பெயர் வைத்தார்களோ, அவரை எனக்குப் பிடிக்கும். நம்மைப்போல் ஆட்களுக்காகவே கட்டியது மாதிரி இருக்கிறது. ஆனால் பிள்ளைகளே, அந்தக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற பொந்தை மறக்காதீர்கள். பாசி படிந்த கல்லில் வழுக்கினால் கால் அந்தப் பொந்துக்குள் போகும். அடுத்த அலை வரும்போது காலை எடுக்க முடியாது. ஆகவே தனியாய் யாரும் போகக்கூடாது. ராத்திரியில் நுனிக்குப் போகக்கூடாது.

நான் வளைவுக்குப் போனால் முதலில் பையைக்கூட அவிழ்க்கமாட்டேன். கால்மணி நேரம் சும்மா நிற்பேன். எந்தக் கல்வரை ஈரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அலை பத்து சின்னதாய் வரும், பிறகு இரண்டோ மூன்றோ பெரிதாய் வரும். அந்தப் பெரிய அலை எங்கே தொட்டதோ அதற்கும் மேலே பத்தடி தள்ளி உட்காருவேன். மீன் அங்கிருந்து எட்டாது என்றால் அன்றைக்கு மீன் வேண்டாம்.

கள்ளக்கடலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காற்று இருக்காது, வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் கடல் திடீரென்று ஏறும். அது எங்கிருந்து வருகிறதென்று இப்போது விஞ்ஞானிகள் தெளிவாகச் சொல்லுகிறார்கள். இந்துமாக்கடலின் தென்கோடியில், இங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் அடிக்கும் பலத்த காற்று கிளப்புகிற நெடிய அலைகள் பல நாள் பிரயாணம் பண்ணி நம் கரைக்கு வந்து சேருகின்றன. அங்கே அடித்த காற்று நமக்குத் தெரியாது. அலை மட்டுந்தான் தெரியும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிலையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே மாதம் நம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள்.  அவர்களிடம் "இறங்காதே" என்று கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியது கரையில் பிறந்த நம் கடமை. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

இனி என் வீட்டுக்காரியின் நிபந்தனை.

"மேடையில ஏறுனா அந்த ஆனி மாசத்துக் கதையயும் சொல்லணும். அதச் சொல்லாம மத்ததச் சொன்னா, நான் நடுவுல எழும்பிப் போயிருவேன்" என்றாள்.

1983-ம் வருஷம் ஆனி மாதம். எனக்கு 32 வயது. நானும் அவளுடைய அண்ணனும் ஒரே மரத்தில் தொழில் செய்தோம். எட்டு வருஷமாய் ஒரே மரம். மச்சான் என்னைவிட மூன்று வயது மூத்தவர். மூன்று பிள்ளைகள். காற்றைப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. மேகத்தைப் பார்க்கமாட்டார். கையை நனைத்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். "கச்சான் வருது" என்றால் வரும்.

அன்றைக்குக் காலையில் கடல் அமைதியாய் இருந்தது. ஆனி மாதத்தில் அப்படி ஒரு நாள் கிடைத்தால் ஊரே கடலில் இருக்கும். மத்தியானம்வரை ஒன்றும் படவில்லை. இரண்டு மணிக்குமேல் கலவாய் பட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த நேரத்தில் மச்சான் கையை நனைத்துக் காதுக்குப் பின்னால் வைத்தார். "மச்சான், காத்து மாறுது. எல்லாரும் மரத்தத் திருப்பியாச்சு. போவலாம்" என்றார். நான், "இன்னும் ஒரு தடவ" என்றேன். நாலாவது பட்டது. மறுபடியும் சொன்னார். மறுபடியும் நான், "ஒரே ஒரு தடவ மச்சான்" என்றேன். எனக்கு அப்போது ஒருவரிடம் கடன் இருந்தது. வட்டி கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கலவாய் ஒவ்வொன்றும் பெரிதாய் வந்தது. மச்சான் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். அவர் மூத்தவர், என்னை அதட்டி மரத்தைத் திருப்பியிருக்கலாம். தங்கச்சி புருஷன் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஏழு கலவாயோடு நாங்கள் கரைக்கு நேராக வந்தபோது இருட்டிவிட்டது. பகலில் என்றால் அலைக்கு வெளியே மரத்தை நிறுத்தி, பின்னால் வருகிற திரையை எண்ணி, பெரிய திரைகள் போனபிறகு உள்ளே விடுவோம். இருட்டில் திரை கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டுந்தான் கேட்கும். கரையில் யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "பொறுப்போம்" என்று மச்சான் சொன்னது கேட்டது. நான் துடுப்பைப் போட்டேன். பின்னால் வந்த திரை மரத்தின் பின்பக்கத்தைத் தூக்கி, முன்தலையைத் தண்ணீருக்குள் குத்தியது. நான் கரைப்பக்கமாய்த் தூக்கி எறியப்பட்டேன். மரம் புரண்டு அவர்மேல் விழுந்தது.

இழுத்துக் கரையில் போட்டபோது உயிர் இருந்தது. சுவாமி ஓடிவந்து மணலிலேயே அவஸ்தை பூசுதல் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஜீப்பில், என் மடியில் தலையை வைத்தபடி மச்சான் போய்விட்டார்.

கடல் எடுத்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. நான் மறுத்துப் பேசவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. மச்சானுடைய பங்கை அந்த வீட்டுக்குத் தினமும் கொடுத்துவந்தேன். மூன்று பிள்ளைகளும் படித்துத் தலையெடுக்கும்வரை கொடுத்தேன். இதைப் பார்த்து ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு வருஷம் திருவிழாவில் இதே மேடையில் எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள். அந்தச் சால்வை பெட்டியில் இருக்கிறது. ஒருநாளும் போர்த்தியதில்லை.

போன வாரம், மேடையில் சொல்லுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரியும் மச்சான் வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு இப்போது கண் சரியாய்த் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "மத்த மரமெல்லாம் நாலு மணிக்குக் கரை ஏறிச்சு. உங்க மரம் மட்டுந்தான் வரல. அவரு பிந்தி வாற ஆளா? எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாய்த் தெரிந்திருக்கிறது. நான் கொடுத்த பங்கை வாங்கியிருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு, "வளைவுல இப்ப என்ன மீன் படுது?" என்று கேட்டார்கள். "விளமீன் படுது அக்கா" என்றேன். "கொண்டா" என்றார்கள்.

(சிறிது நேர மௌனம்)

சுவிசேஷத்தில் மீன்பிடிப்பு பல இடங்களில் வருகிறது. எல்லாம் வலைதான். தூண்டில் வருகிற இடம் ஒன்றே ஒன்று, மத்தேயு 17-ம் அதிகாரத்தின் கடைசியில். கோவில் வரி கேட்டு ஆள் வந்தபோது, கடலுக்குப் போய்த் தூண்டில் போடு, முதலில் அகப்படுகிற மீனை எடு, அதன் வாயில் காசு இருக்கும், அதை நம் இருவருக்காகவும் கட்டிவிடு என்று ஆண்டவர் இராயப்பரிடம் சொல்லுகிறார். நான் பிரசங்கியார் இல்லை, விளக்கம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் தூண்டில்காரன் என்கிற முறையில் ஒன்று கேட்கிறேன். முதல் மீனிலேயே காசு இருந்தால், நம்மில் எவன் அத்தோடு தூண்டிலைச் சுருட்டுவான்? இரண்டாவது மீன் வாயில் என்ன இருக்கிறதோ என்று பார்க்காமல் எவன் எழும்புவான்? இராயப்பரும் நம்மைப்போல் தொழில்காரர்தான். அவர் கை அரித்திருக்காதா? இரண்டாவது மீனைப் பற்றி ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாசகம் வருகிற நாளில் நான் கோவிலில் தலையைக் குனிந்துகொண்டுதான் இருப்பேன்.

ஒக்கிப் புயலைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் விவரிக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30-ந்தேதி விடியற்காலையில் நம் வீட்டு ஓடுகள் பறந்தபோது, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எச்சரிக்கை வரும் முன்னே போனவர்கள் அவர்கள். கடலில் இருக்கிறவனுக்குச் செய்தி போய்ச் சேர வழியில்லாமல் இருந்ததுதான் பெரிய கேடு. இப்போது கருவிகள் வந்திருக்கின்றன. வி.எச்.எஃப். வயர்லெஸ் இருக்கிறது, ஆபத்துக்குப் பதினாறாம் சேனல். கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. இவற்றை வள்ளத்தின் பலகையில் பெயின்டால் எழுதி வையுங்கள். புயல் கூண்டு ஏற்றினால் அது எத்தனாம் நம்பர் என்று தர்க்கம் பண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

உயிர்ச்சட்டை விஷயம். வள்ளத்தில் கிடக்கிறது, பார்த்திருக்கிறேன். தலைக்கு வைத்துப் படுக்க உபயோகப்படுகிறது. நீச்சல் தெரிந்தவனுக்கு எதற்கு என்கிறீர்கள். மச்சானுக்கு நீச்சல் தெரியாதா? தலையில் அடிபட்டவன் நீந்தமாட்டான். கரை ஏறும்போதும் இறங்கும்போதுமாவது மாட்டுங்கள். நம் கரையில் ஆள் போவது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, வீட்டுக்கு முன்னால் இருக்கும் அந்த நூறு கெஜத்தில்தான்.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாய்ச் சொல்லிவிடுகிறேன். திருக்கை முள் குத்தினால் பச்சிலை தேடி அலையாதீர்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்தக் கையையோ காலையோ அமிழ்த்தி வையுங்கள். அரைமணி, ஒருமணி, வலி அடங்கும்வரை. அந்த விஷம் சூட்டில் முறியும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. ஆகவே இன்னொருவர் கையை விட்டுப் பார்த்துச் சூடு சொல்லட்டும், இல்லாவிட்டால் வெந்துபோகும். பிறகு டாக்டரிடம் போய் டி.டி. ஊசி போடுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தூண்டில் கையில் ஏறி முள்பக்கம் உள்ளே போய்விட்டால் பின்னால் இழுக்காதீர்கள். டாக்டர் அதை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, முள்ளை வெட்டிவிட்டு உருவுவார். பேத்தை மீனை எவ்வளவு சுத்தம் செய்தாலும் கறி வைக்காதீர்கள். அதன் விஷம் கொதித்தாலும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. சூரையும் அயிலையும் வெயிலில் கிடந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சிவந்து அரிப்பெடுக்கும். மீன் விற்கும் தாய்மார்கள் ஐஸ் காசைப் பார்க்க வேண்டாம். இடி முழங்கினால் உடனே கம்பை மடக்கி எழும்புங்கள். இப்போது நீங்கள் வாங்குகிற கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி இடிதாங்கியாய்ப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். குடித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவன் இங்கே வந்திருக்கவும் மாட்டான்.

வெறுங்கையோடு வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் ஒன்று நம் கரையில் இருக்கிறது. "என்ன, கடலுக்குத் தண்ணி எடுக்கப் போனியா?" என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆண்பிள்ளைகள் மட்டும் கேட்பதில்லை. ஏலக் கரையில் நிற்கும் பெண்களும் கேட்பார்கள். வீட்டில் மனைவி பாத்திரத்தை டப்பென்று வைத்தாலும் அதே கேள்விதான். என்னை அன்றைக்குப் பாரில் பிடித்து நிறுத்தியதில் வட்டிக்கடன் பாதி, இந்தக் கேள்வி பாதி. ஆகவே தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை சும்மா வந்தால், என்ன கொண்டுவந்தாய் என்று கேட்காதீர்கள். சோறு போடுங்கள். காற்று எப்படி என்று கேளுங்கள். என் வீட்டுக்காரி அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுவரை என்னிடம் மீனைப் பற்றி முதலில் கேட்டதில்லை. கதவைத் திறந்து, "வந்தாச்சா" என்பாள். அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் என்றார் உபதேசியார். நான் அரைமணி நேரம் எடுத்துவிட்டேன். சுவாமி மன்னிக்க வேண்டும்.

காற்று இப்படியே இருந்தால் நாளைக் காலை ஐந்து மணிக்கு நான் வளைவின் அடிப்பக்கத்தில் இருப்பேன். அக்காவுக்கு விளமீன் கொடுக்க வேண்டியிருக்கிறது. தூண்டில் கட்டப் படிக்க விரும்புகிற பிள்ளைகள் வரலாம். இரை நான் கொண்டுவருகிறேன், கணவாய்த் துண்டு இருக்கிறது. வழுக்காத செருப்பும் கம்பி வெட்டுகிற குறடும் நீங்கள் கொண்டுவர வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். விடிந்தபிறகு கோபுரத்தைக் காட்டி வடக்குக் கணிச்சமும் சொல்லித்தருகிறேன். எட்டு மணிக்குப் பூசைமணி அடிக்கும்போது, மீன் பட்டாலும் படாவிட்டாலும், தூண்டிலைச் சுருட்டிவிடுவோம்.